செத்த டிவியும் சாகாத மின்சாரமும்

"ஷாக் வாங்காம எவனும் மெக்கானிக் ஆனதில்லடா!"

டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேரும் பையன் முதல் வாரமே கேட்கும் வேதவாக்கு இது. காஞ்சிபுரமாக இருந்தாலும் சரி, கும்பகோணமாக இருந்தாலும் சரி, வசனம் மாறாது. சொல்கிற அண்ணன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். கையில் நுனி உருகிக் கருகிப்போன ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் அந்த நுனியால் சேர்த்துத் தொடுவார். 'டப்' என்று ஒரு வெடி, கூடவே ஒரு பொறி. பையன் துள்ளிக் குதிப்பான். கடையே சிரிக்கும். பாடம் முடிந்தது!

இது பாடமா? வீரமா? இரண்டும் கிடையாது. சோம்பேறித்தனம். அதுவும் அடுத்தவன் வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கும் சோம்பேறித்தனம்.

பழைய டிவியெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கை, கால், கண் மூன்றும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் நெசவாளர் வீடுகளில் ரேடியோ ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. அதன் பிறகு டிவி வந்தது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. அத்தனையும் படக்குழாய் வைத்தவை. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. வசதி உள்ளவர்கள் எல்இடி வாங்கிவிட்டார்கள். இல்லாதவர்கள் பழசைத்தான் தட்டி, தூக்கி, ரிப்பேர் கடைக்கு எடுத்து வருகிறார்கள். ஆக, ஆபத்து யார் மேஜைக்கு வருகிறது என்று பார்த்தால், ஏழை வீட்டுப் பொருளை ரிப்பேர் செய்யும் இன்னொரு ஏழையின் மேஜைக்குத்தான்.

சரி, அந்தக் கெப்பாசிட்டருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பிளஸ் டூ இயற்பியலில் மின்தேக்கி என்று படிப்பது இதைத்தான். 'அரை சி வி ஸ்கொயர்' என்று எல்லோரும் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். அந்தச் சூத்திரத்தை ஒரு தடவையாவது நிஜ டிவிக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை டையோடுகள் டிசியாக மாற்றும்போது, அதன் உச்ச அளவான சுமார் 325 வோல்ட் வரை மெயின் கெப்பாசிட்டர் நிரம்பும். அது 220 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 11.6 ஜூல் வருகிறது. ஒரு கிலோ எடைக்கல்லை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற ஆற்றல். காலில் விழுந்தால் கால் வீங்கும். அதே ஆற்றல் ஒரு கையில் நுழைந்து இதயத்தைத் தாண்டி இன்னொரு கை வழியாகக் கண் இமைக்கும் நேரத்தில் வெளியேறினால்? இதயத் துடிப்பு தடுமாறலாம். ஆளே போய்விடலாம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற டிவியை அணைத்தால் அதன் உள்சுற்றே மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் குடித்துவிடும். கெப்பாசிட்டர் சீக்கிரம் காலியாகும். ஆனால் ரிப்பேருக்கு வருவது ஓடுகிற டிவியா? 'டெட்' ஆன டிவி! ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் போயிருக்கும், அல்லது பவர் ஐசி திறந்துபோயிருக்கும். ஃபியூஸும் டையோடுகளும் நன்றாக இருப்பதால் கெப்பாசிட்டர் மட்டும் முழுசாக நிரம்பும். குடிக்க ஆள் இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகுநேரம் அப்படியே நிற்கும். பழைய வால்வு ரேடியோவிலும் இதே கதைதான். வால்வின் இழை போய்விட்டால் 300 வோல்ட்டை இழுக்க எதுவும் இருக்காது. ஆக, எந்தப் பெட்டி உயிரில்லாமல் கிடக்கிறதோ அதுதான் கையை வைக்கக் கூடாத பெட்டி. "லைட்டே எரியல, இதுல என்ன கரண்ட் இருக்கப் போகுது" என்று தொடுகிறவன்தான் அடி வாங்குகிறான்.

படக்குழாய் இன்னொரு பூதம். கண்ணாடிக்கு உள்ளே ஒரு கார்பன் பூச்சு, வெளியே ஒரு கார்பன் பூச்சு, நடுவில் கண்ணாடி. அதுவே ஒரு கெப்பாசிட்டர்தான்! அதில் ஏறி நிற்பது 20,000 வோல்ட்டுக்கு மேல். ஆற்றல் குறைவு என்பதால் அந்த ஷாக் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் கை தானாக வெட்டி இழுக்கும். இழுத்த கை குழாயின் மெல்லிய கழுத்தில் பட்டால் உடையும். பிடித்திருந்த குழாய் கீழே விழுந்தால் கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இனி அண்ணன்மார்களின் வாதங்களுக்கு வருவோம்.

"முப்பது வருஷமா இப்படித்தான் பண்றோம், என்ன ஆச்சு?" முப்பது வருஷம் தப்பித்தவர்தான் இன்று கடையில் உட்கார்ந்து இதைச் சொல்ல முடியும். தப்பிக்காதவன் வந்து எதிர்வாதம் செய்ய மாட்டான்.

"ஸ்க்ரூடிரைவர்ல தொட்டாலும் காலிதானே ஆகுது?" ஆகிறது. எப்படி ஆகிறது என்பதுதான் கேள்வி. ஒரு நொடியின் துளியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனி கருகுவது அதனால்தான். அந்த நுனியிலிருந்து உருகிய உலோகத் துளி எங்கே போகிறது? குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பையனின் கண்ணை நோக்கித்தான். போர்டில் செம்புப் பட்டை பெயரும். நுனி சற்று வழுக்கிப் பக்கத்துக் காலில் பட்டால் நல்ல ஐசியும் சாகும். ரிப்பேர் செய்ய வந்தவனே புதுசாக ஒரு ரிப்பேரை உண்டாக்குவான். அதற்கும் சேர்த்து நெசவாளிதான் காசு கொடுக்க வேண்டும்!

"செட்லயே பிளீடர் ரெசிஸ்டர் இருக்கே, அது இறக்கிடும்." எல்லா செட்டிலும் இருக்காது. இருந்தாலும் அதுவும் ஒரு பாகம்தானே? கெட்டுப்போன பெட்டிக்குள் அது மட்டும் கெடாமல் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது?

"ஒரு தடவை ஷாக் அடிச்சா ஜென்மத்துக்கும் பாடம்." அடடா! 1746-இல் ஹாலந்தின் லைடன் நகரத்துப் பேராசிரியர் முஷன்புரூக் உலகின் முதல் கெப்பாசிட்டர்களில் ஒன்றான தண்ணீர் ஜாடியைத் தொட்டு அடி வாங்கினார். பிரெஞ்சு ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு முறை தொட மாட்டேன் என்று கடிதம் எழுதி, மற்றவர்களையும் எச்சரித்தார். அவருக்கு ஒரு ஷாக் போதுமானதாக இருந்தது. அந்தக் கடிதம் எழுதி ஏறத்தாழ 280 வருஷம் ஆகிறது. இன்னும் ஒவ்வொரு பையனும் தன் உடம்பில் அதே சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டுமா? அப்புறம் புத்தகம் எதற்கு, வாத்தியார் எதற்கு?

கல்லூரிக்காரர்களும் இங்கே சிரித்துவிட்டு நழுவ முடியாது. மின்விசிறியின் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை பிளக் பாயிண்ட்டில் சார்ஜ் ஏற்றி, "மச்சி, பிடி!" என்று தூக்கிப் போடும் விளையாட்டு எந்த ஐடிஐயில், எந்தப் பாலிடெக்னிக்கில், எந்த எஞ்சினியரிங் லேபில் இல்லை? அதே 1746-இல் பிரான்சில் நோலே என்பவர் மன்னர் பதினைந்தாம் லூயி முன்னிலையில் 180 வீரர்களைக் கைகோக்க வைத்து ஷாக் கொடுத்துத் துள்ள வைத்தார். அரசவைக்கு அது வேடிக்கை. லேப் வேடிக்கையும் அதே ரகம்தான். 'பிடி' என்று போடப்படுகிறவனுக்கு இதயக் கோளாறு இருக்கிறதா, அவன் நிற்பது மாடிப்படியிலா, ஓடுகிற மெஷின் பக்கத்திலா என்று போடுகிறவன் யோசிப்பதில்லை. அதற்குப் பெயர் ஜாலி அல்ல!

இன்னொரு முரணும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைப் பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள். இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் போர்டைத் தொடுகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வது வழக்கம். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தால் ஐசி கெட்டுவிடக் கூடாதாம்! அந்தப் பட்டையிலும்கூட ஆளின் பாதுகாப்புக்காக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். மனிதனிடமிருந்து ஐசியைக் காப்பாற்ற இவ்வளவு ஏற்பாடு. அதே மாவட்டத்து ரிப்பேர் கடையில் கெப்பாசிட்டரிடமிருந்து மனிதனைக் காப்பாற்ற ஒரு ரெசிஸ்டருக்குக்கூட வழி இல்லையா?

அந்த ரெசிஸ்டர் விலைதான் என்ன? 10 கிலோ ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயர், உறை போட்ட கிளிப். ரிச்சி தெரு வரை போகவே வேண்டாம், உள்ளூரிலேயே கிடைக்கும். எல்லாம் சேர்த்துச் சில டீ விலை.

வேலையும் பெரிதல்ல. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். ஒரு கையால் மட்டுமே வேலை, மற்றது பாக்கெட்டில். கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே ரெசிஸ்டரைப் பிடிக்க வேண்டும். 220 மைக்ரோஃபாரடும் 10 கிலோ ஓமும் சேர்ந்தால் 11 நொடியில் 325 வோல்ட் ஏறக்குறைய 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். வெடி இல்லை, பொறி இல்லை, யாரும் சிரிக்கவும் வேண்டாம். பிறகு மறுபடி அளக்க வேண்டும். சற்று நேரம் கழித்து இன்னொரு முறையும். காலியான கெப்பாசிட்டரிலும் கொஞ்சம் மின்னழுத்தம் தானாக ஊறி வரும். மீட்டர் வைத்து அளந்தாலே இறங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: மீட்டரின் 10 மெகா ஓம் வழியாக அதே கெப்பாசிட்டர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கவே அரை மணிக்கு மேல் ஆகும். மைக் செட் ஆம்ப்ளிஃபையர்களில் கெப்பாசிட்டர் இன்னும் பெரிது, நேரமும் கூடும். நம்ப வேண்டியது கடிகாரத்தை அல்ல, மீட்டரை.

படக்குழாய்க்கு இந்தச் சின்ன ரெசிஸ்டர் ஆகாது. அதற்கென்று உயர் மின்னழுத்தம் தாங்கும் புரோப் வேண்டும். அதையும் குழாயைச் சுற்றி ஓடும் வெற்றுக் கம்பிக்குத்தான் இணைக்க வேண்டும், போர்டில் கண்ட இடத்தில் அல்ல. பழகாதவர் அந்த ரப்பர் மூடிப் பக்கமே போகக் கூடாது.

"கருட சேவைக்கு விடிஞ்சா சவுண்ட் செட் போகணும், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். 11 நொடிக்கு நேரம் இல்லையா? அவசரம் என்பதற்காக எந்த நெசவாளியும் பாவின் இறுக்கத்தைத் தளர்த்தாமல் தறியிலிருந்து எதையும் கழற்றுவதில்லை. பட்டு நூல் அறுந்தால் நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். நூலுக்குக் கிடைக்கிற மரியாதை கடைப் பையனுக்கும் கிடைக்கட்டும்.

ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் முதல் நாள் முதல் பாடமாக இதை வைக்கட்டும். அந்த ரெசிஸ்டரைத் தன் கையாலேயே சால்டர் வைத்துச் செய்து காட்டாத மாணவனை லேபுக்குள் விடக் கூடாது. கடை வைத்திருக்கும் அண்ணன்மார்கள், புதுப் பையனுக்கு முதல் வாரம் அந்த வசனத்தைச் சொல்வதற்குப் பதிலாக இரண்டு கிளிப் மாட்டிய அந்த ஒயரை அவன் கையில் கொடுக்கட்டும். நுனி கருகிய ஸ்க்ரூடிரைவர் காயலான் கடைக்குப் போகட்டும்.