மூட்டு வலிக்குப் பூண்டு மாத்திரையா?

பிரகாரத்தை மும்முறை வலம் வந்த கால்கள் ஒரு முறைக்கே தயங்கும் வயதில், "பூண்டு மாத்திரை சாப்பிட்டுப் பாருங்கள்" என்று எவரேனும் சொன்னால் மனம் அதனை நாடத்தான் செய்யும். பூண்டே புழங்காத இல்லத்து அன்பர்களுக்கு உடனே ஒரு தயக்கமும் எழும்.

அத்தயக்கம் பழமையானது. அமுதத்தைக் களவாக அருந்திய ராகுவின் கழுத்தினின்று சிந்திய துளிகளே பூண்டாக முளைத்தன என்கிறது வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம். அசுரன் உடலில் தோன்றியதால் அந்தணர் அதனை உண்பதில்லை. அமுதத்தில் பிறந்ததால் அதுவே தலையாய ரசாயனம் என இரண்டையும் ஒருங்கே சொல்கிறது அந்நூல். வாத நோய்களுக்கு அதனைப் பெரிதும் போற்றினாலும், பித்தமும் ரத்தமும் கெட்டு வாதத்தோடு சேர்ந்த நிலைக்கு விலக்கும் வைத்திருக்கிறது.

2020ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ஆய்வொன்று வெளியாயிற்று. முடக்குவாதமுற்ற 70 பெண்களில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் பூண்டு மாத்திரை 8 வாரங்கள் தரப்பட்டது. அவர்களுக்கு வலியும் அசதியும் குறைந்தன. நல்ல செய்திதான், ஆயினும் சிறிய ஆய்வு. மேலும், முதுமையில் நம்மில் பலருக்கு வருவது முடக்குவாதம் அன்று, மூட்டுத் தேய்மானம். தேய்ந்த குருத்தெலும்பைப் பூண்டு வளர்த்துவிடாது. ஆகவே மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புவது தகாது.

கவனம் வேண்டிய இடம் வேறொன்று உண்டு. பூண்டு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்வோர் இம்மாத்திரையையும் சேர்த்தால் ரத்தக்கசிவு நேரக்கூடும். பல் பிடுங்குவதற்கும் மூட்டு மாற்று அறுவைக்கும் முன்னர் மருத்துவரிடம் இதனை அவசியம் தெரிவிக்க வேண்டும். இயற்கைப் பொருள்தானே என்று நாம் சொல்லாமல் விடுவது இதைத்தான்! குழம்பில் போடும் இரண்டு பற்களுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை.

சைவ உணவினர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். பூண்டு எண்ணெய் அடைத்த மெல்லிய உறைகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. வாங்குமுன் டப்பாவில் பச்சைக் குறியைத் தேடிப் பாருங்கள்.

பூண்டை விலக்கும் அன்பர்கள் இதற்காக நியமத்தைக் கைவிட வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுப்பெற வலுப்பெற முழங்காலின் வலி தணியும்.