பிளாப்பி போனால் யந்திரமும் போகவேண்டுமா?

கோவையின் ஜாப் ஆர்டர் பட்டறைகளிலும் திருப்பூரின் எம்பிராய்டரிக் கூடங்களிலும் முப்பது வயதைத் தொட்ட கம்ப்யூட்டர் யந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. அயல்நாட்டில் உழைத்துவிட்டு, பழைய சாமானாகக் கைமாறி இங்கு வந்தவை அவற்றில் பல. வார்ப்பிரும்புப் படுக்கை அசையவில்லை. தேய்ந்த பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இன்ன வேலையை இப்படிச் செய் என்று சொல்லும் புரோகிராமை உள்ளே வாங்கும் வாய் மட்டும் அடைபட்டுவருகிறது. அந்த வாய்தான் மூன்றரை அங்குல பிளாப்பி டிஸ்க். சோனி கம்பெனி 2011 மார்ச்சோடு ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று புழங்குவதெல்லாம் பழைய இருப்பு. தூசி பட்டாலும் காந்தம் பட்டாலும் படிக்காது. இரவு ஷிப்டில் டிஸ்க் படிக்கவில்லையென்றால் யந்திரம் நிற்கிறது. யந்திரம் நின்றால் பீஸ் ரேட்டில் உழைப்பவனின் கூலியும் நிற்கிறது.

“உங்கள் யந்திரம் காலாவதியாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று உபதேசம் செய்கிறார்கள் வியாபாரிகள். நாம் கேட்கிறோம்: காலாவதியானது எது? இரும்பா? மோட்டாரா? அதை ஓட்டும் தொழிலாளியின் கைத்திறனா? உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தகட்டுக்காகப் பல லட்ச ரூபாய் யந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மாற்று இருக்கிறது, அதுவும் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற மாற்று. பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள ஒரு பெட்டியை அதே இடத்தில் திருகுகிறார்கள். 34 முனைகள் கொண்ட அதே பட்டை வயர், அதே மின் இணைப்பு. பெட்டியின் முகத்தில் யு.எஸ்.பி. துளையும் மூன்று இலக்க எண்பலகையும் இரண்டு பொத்தான்களும் உண்டு. ஒரு பென் டிரைவ், 000 முதல் 999 வரை ஆயிரம் பிளாப்பிகளாகப் பிரிந்து நிற்கிறது. தன்னுள் இருப்பது பழைய பிளாப்பிதான் என்று யந்திரம் நம்பிக்கொண்டு ஓடுகிறது!

எல்லா யந்திரத்துக்கும் ஒரே பெட்டி பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சில யந்திரங்கள் 1.44 எம்.பி. டிஸ்க்கைக் கேட்கும், பழைய எம்பிராய்டரி யந்திரங்களில் பல 720 கே.பி. டிஸ்க்கைத்தான் ஏற்கும். 34ஆம் முனையில் “தயார்” என்ற சைகையைச் சில யந்திரங்கள் எதிர்பார்க்கும், “டிஸ்க் மாறிவிட்டது” என்ற சைகையை வேறு சில எதிர்பார்க்கும். இவ்வளவு நுணுக்கத்தையும் சமாளிக்கும் ‘பிளாஷ்பிளாப்பி’ என்ற மென்பொருளைக் கெயிர் பிரேசர் என்பவர் எழுதி, காசு கேட்காமல் பொதுச்சொத்தாக வைத்திருக்கிறார்.

இது புதுமையுமல்ல. எண்களால் இயங்கும் மில்லிங் யந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952ல் காட்டியபோது, புரோகிராம் ஏறியது துளையிட்ட காகித நாடாவில். அங்குலத்துக்குப் பத்து எழுத்து. நாடா மறைந்த பிறகும், சில கண்ட்ரோலர்களின் ஞாபகசக்தியை மீட்டர் கணக்கில்தான் எழுதிவந்தார்கள். 80 மீட்டர் என்றால் ஏறத்தாழ 32 ஆயிரம் எழுத்து. அந்த நாடா கிழிந்து கிழிந்து தொல்லை கொடுத்தபோது, நாடா படிக்கும் கருவிக்குப் பின்னால் வயரைச் செருகி, கம்ப்யூட்டரிலிருந்து நேரே ஊட்டினார்கள். யந்திரத்தை யாரும் உடைக்கவில்லை.

இதையெல்லாம் செய்வது யார்? பெரும்பாலும் பட்டறை எலெக்ட்ரீஷியனும் ஆபரேட்டரும்தான். கண்ட்ரோலரின் பாட்டரி தீர்ந்தால் பாராமீட்டர்கள் அழிந்துபோகும், மின்சாரம் ஓடும்போதே பாட்டரியை மாற்றவேண்டும் என்பதை அடிபட்டுக் கற்றவர்கள் அவர்கள். ஆர்.எஸ்.232 வயர் வழியே அந்தப் பாராமீட்டர்களை நகலெடுத்து வைக்க அறிந்தவர்களும் அவர்களே. கம்பெனியின் சர்வீஸ் புத்தகமோ அவர்கள் கைக்கு எளிதில் எட்டுவதில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். ஈரானில் நடான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் வைரஸ் யு.எஸ்.பி. வழியாகவும் பரவக்கூடியது என்பது 2010ல் உலகறிந்த செய்தி. பிளாப்பிக்குப் பதில் வைக்கும் பெட்டி தானாக வைரஸை ஓட்டாது. ஆபத்து, டிசைன் போடும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் விண்டோஸில் ஓடும் கண்ட்ரோலரிலும் இருக்கிறது. யந்திரத்துக்கென்று தனி பென் டிரைவ் வைத்தால் போதும். சினிமாப் பாட்டு ஏற்றிய டிரைவைச் செருக வேண்டாம்.

எல்லாப் பழைய யந்திரத்தையும் கட்டி அழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சறுக்குப்பாதை தேய்ந்து அளவு தப்பினால், அல்லது கையைக் காக்கும் கதவுகூட இல்லையென்றால், அந்த யந்திரம் போகட்டும். தொழிலாளியின் விரல் மலிவானதல்ல. நாம் எதிர்ப்பது, நல்ல யந்திரத்தை வாய் அடைபட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்வதை.

சர்க்கார் என்ன செய்கிறது? பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ஒரு கமிட்டியை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், செல்போன்-டாப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள். பட்டறை யந்திரம் அதில் எங்கே? செல்போன் வைத்திருப்பவனுக்கு உள்ள உரிமை, லேத் வைத்துப் பத்துப் பேருக்கு வேலை தரும் சிறு பட்டறைக்காரனுக்கும், அதை ஓட்டும் தொழிலாளிக்கும் ஏன் இல்லை?

ஐந்தாவது துறையாகத் தொழிற்சாலை யந்திரங்களைச் சேர்க்கவேண்டும். ஒரு கண்ட்ரோலரைத் தயாரிப்பதை நிறுத்தும் கம்பெனி, அதன் வயரிங் படத்தையும் பாராமீட்டர் விவரத்தையும் டிஸ்க் அமைப்பையும் வெளியிடவேண்டும் என்று விதி வரவேண்டும். ஐ.டி.ஐ.க்களில் இந்த மாற்று வேலையைப் பாடமாக்க வேண்டும். அதைக் கற்று யந்திரத்தை மீட்டெடுக்கும் தொழிலாளிக்குத் திறனுக்கேற்ற கூலி உயர்வை, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையிலேயே சங்கங்கள் கேட்டு வாங்கவேண்டும்.