முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டிய விதி

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டை அரங்கில் இத்தாலியின் ஏஞ்சலா கரீனி, மூக்கில் விழுந்த குத்தின் வலி பொறுக்கமாட்டாமல் 46 விநாடிகளில் விலகிக்கொண்டபோது, எதிரே நின்ற அல்ஜீரிய வீராங்கனை இமான் கெலிஃபின் மீது நாலா திசைகளிலிருந்தும் பொழிந்த வசைமொழிகளுக்கு அளவே இல்லை. பெண்குழந்தையென்று பதிவு செய்யப்பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, அன்று அமுலில் இருந்த விதிக்கு உட்பட்டுக் களம் புகுந்த ஒருவரை அவ்விதம் தூற்றியது கொடுமை. அவருடைய உடற்கூற்றைக் குறித்துத் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும், பெண்கள் பிரிவில் சண்டையிட யாருக்கு யோக்கியதை உண்டு என்ற கேள்வியை அநுதாபத்தால் மட்டும் மூடிவிட முடியாது.

ஓட்டப் பந்தயத்தில் தகாத அநுகூலம் பிறருடைய பதக்கத்தைப் பறிக்கும். குத்துச்சண்டையிலோ அது எதிராளியின் தாடையிலும் கபாலத்திலும் இறங்கும். ஆண்களின் குத்தும் ஆற்றல் சராசரியில் பெண்களுடையதைவிட 162 சதவிகிதம் மிகுதி என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கண்டனர். எடைப்பிரிவு ஒன்றினாலேயே சமன் செய்துவிடக் கூடிய வித்தியாசம் அல்ல இது. ஆதலால், ஆண் பருவ வளர்ச்சியின் பலனைப் பெற்ற உடல்கள் பெண்கள் பிரிவில் இறங்கலாகாது என்று விதி செய்வது நியாயமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஆனால் ஒய் குரோமோசோம் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தப் பலன் கிட்டுவதில்லை. ஆண்மைச் சுரப்பை உடலே ஏற்காத இயல்புடன் பிறக்கும் பெண்கள் உண்டு. அத்தகையவரான ஸ்பெயினின் தடைதாண்டும் வீராங்கனை மரியா ஹொசே மார்த்தினெஸ் பாட்டினோ 1985இல் கோபே நகரில் பாலினப் பரிசோதனையில் தவறி, யாவற்றையும் இழந்து, மூன்றாண்டுகள் போராடியே உரிமையை மீட்டார். 1996இல் அட்லாண்டாவில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் எட்டுப் பேருக்கு மாறுபட்ட முடிவு வந்தும், எண்மருமே போட்டியிட அநுமதிக்கப்பட்டனர். மரபணுச் சோதனை முதல் சல்லடையாக இருக்கலாம். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.

விதியைவிட அதை நடத்திய முறையே நம்மைப் பெரிதும் வருத்துகிறது. 2023இல் புது தில்லி உலகப் போட்டியில், இறுதிச் சண்டைக்குச் சில மணி நேரம் இருக்கையில், தகுதிச் சோதனையில் தேறவில்லை என்று கெலிஃப் நீக்கப்பட்டார். அவ்வாறே தைவானின் லின் யூ-டிங் வெண்கலத்தை இழந்தார். என்ன சோதனை, என்ன முடிவு என்பது தெளிவாக வெளியிடப்படவில்லை. போட்டியை நடத்திய சங்கத்தின் நிர்வாகக் குழு ஒப்புதலும் பின்னரே வந்தது. போட்டி நடுவே பிறக்கும் விதி விதியாகுமா? 2025 மே மாதம் புதிய சங்கமான வேர்ல்டு பாக்ஸிங் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கி, மாறுபட்ட முடிவு வந்தால் நிபுணர்கள் மேலும் ஆராய்வார்கள் என்றும் மேல்முறையீடு உண்டு என்றும் கூறியது வரவேற்கத் தக்கதே. எனினும் அவ்வறிவிப்பிலேயே கெலிஃபின் பெயரைச் சொல்லி, பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லிவர்பூலில், சோதனை முடிவுகள் உரிய நேரத்தில் வந்து சேராமையால், பிரெஞ்சு வீராங்கனைகள் ஐவர் அரங்கேறாமலே திரும்பினர்.

அந்தரங்கம் கசிந்தால் நேரும் அவமானத்தைத் தமிழர் அறிவர். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பாலினச் சோதனைக்குப்பின் பறிக்கப்பட்டதோடு, அவருடைய உடலைப் பற்றிய செய்தி நாடெங்கும் பேசுபொருளாயிற்று. மரபணுச் சோதனைக்காகக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக்குச்சி ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்வையே புரட்டிவிடக் கூடுமாதலால், சோதனைச் செலவைச் சர்வதேசச் சங்கமே ஏற்று, போட்டிப் பருவத் தொடக்கத்திலேயே, அவள் மொழியில் விளக்கும் மருத்துவர் முன்னிலையில் அதை நடத்தி, முடிவை அவளிடம் மட்டுமே தெரிவிக்க வேண்டும். இன்னொன்று: பாரிஸில் கெலிஃபும் லின்னும் வென்ற தங்கங்கள் அன்றைய விதிப்படி வெல்லப்பட்டவை. பின்னர் இயற்றிய விதியைக் கொண்டு அவற்றைத் தொட எவருக்கும் அதிகாரமில்லை.