சேற்றுப் பூதமும் கண்டோர் கருத்தும்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, சத்துவாச்சாரியிலுள்ள எம் இல்லத்தில் நண்பர் நால்வரும் யானும் கூடி ஒரு ஜப்பானியப் படத்தைக் கண்டோம். காட்ஸில்லா என்னும் பெருவிலங்கு ஹெடோரா என்னும் பூதத்தோடு பொருவதாகிய கதை. 1971-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. என் தங்கை பாயிலும், மேல்விஷாரத்துத் தோல் ஷாப்பு ஒன்றில் டிரம் வேலை பார்க்கும் எம் தந்தையார் நாற்காலியிலுமாக அமர்ந்து உடன் கண்டனர். படம் முடிந்ததும் எழுந்த கருத்துக்கள் பலதிறப்பட்டன. அவற்றுட் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று வாய்விட்டுக் கூறாததை இன்று எழுதுகின்றேன்.

படத்தை அறியாதார் பொருட்டுச் சில கூறல் வேண்டும். காட்ஸில்லா முதன்முதல் திரையில் தோன்றியது 1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள். ஜப்பானியர் அதனைக் கோஜிரா என்பர்; கொரில்லா என்னும் சொல்லையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிரா என்னும் அவர்தம் சொல்லையும் பிணைத்து ஆக்கிய பெயர் அது. அவ்வாண்டு மார்ச் முதல் நாள் அமெரிக்கர் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 23 பேரோடு சென்ற ஜப்பானிய மீன்படகு ஒன்றின்மேல் வீழ்ந்தது. படகின் வானொலி இயக்குநர் செப்டெம்பரில் இறந்தார். அத்துயரம் ஆறுமுன்னரே, குண்டால் விழிப்புற்ற விலங்கொன்று டோக்கியோவை எரிப்பதாக இஷிரோ ஹோண்டா படம் எடுத்தார். ஏறத்தாழ 96 லட்சம் பேர் சீட்டு வாங்கிக் கண்டனர். பின்னர் இவ்விலங்கு சிறுவர் விளையாட்டுப் பொருளாயிற்று. 1971-இல் யோஷிமிட்சு பன்னோ என்னும் இயக்குநர், அணுகுண்டிருந்த இடத்தில் ஆலைக் கழிவை வைத்தார். ஹெடோரோ என்றால் ஜப்பானிய மொழியிற் கழிவுச் சேறு. அதனின்று வந்ததே ஹெடோரா என்னும் பெயர்.

இனி நண்பர் கருத்துக்களுக்கு வருவேன். இரசாயனம் பயில்பவர் தொடக்கமுதல் நகைத்தவண்ணமே இருந்தார். இரப்பர்ச் சட்டைக்குள் மனிதன் இருப்பது தெரிகின்றது என்றார்; காட்ஸில்லா தன் வாயினின்று தீயை உமிழ்ந்து, அதன் விசையாற் பின்னோக்கிப் பறந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது சிரிக்கத்தக்கதே, யானும் சிரித்தேன். இரண்டாமவர் 2023-இல் வெளிவந்த புதிய காட்ஸில்லாப் படத்தைப் பார்த்தவர். காட்சித் தந்திரங்களுக்காக 2024-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற அதனோடு இதனை ஒப்பிட்டு, இது குப்பை என்று ஒரே சொல்லில் முடித்தார். அவருக்குத் துணை இல்லாமலில்லை. 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூல், உலகின் ஐம்பது கடைத்தரப் படங்களுள் இதனையும் சேர்த்தது. மூன்றாமவர் உறங்கிவிட்டார். வணிகவியல் பயிலும் நான்காமவர் மட்டும் சினத்தோடு பேசினார்: “ஆலையைப் பேயாகக் காட்டுதல் எளிது, அவ்வாலையை மூடிவிட்டால் இவ்வட்டாரத்தில் எத்தனை அடுப்பு எரியும்?” என்றார்.

இந்நால்வரும் படத்தை ஜப்பானில் நடந்ததாகவே கண்டனர். யானோ அதனை எம்மூரில் வைத்துக் கண்டேன். மேலே வாணியம்பாடியும் ஆம்பூரும், கீழே மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும். நடுவே வேலூரும் அதனை ஒட்டிய எம் சத்துவாச்சாரியும். இவை யாவும் பாலாற்றங்கரை ஊர்கள். ஆண்டிற் பெரும்பகுதி மணலே ஓடும் ஆறு அது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் வேண்டும் என்றும், டேனரிகள் மிகுந்த நிலப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பயிருக்கு உதவாமற்போயிற்று என்றும் உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே காணலாம். படத்தின் தொடக்கத்தில் ஒரு பாட்டு வருகின்றது. நச்சு உலோகங்களின் பெயர்களை அஃது அடுக்கிக்கொண்டே போகும். அவ்வடுக்கிற் குரோமியமும் உண்டு. அப்பெயர் காதில் விழுந்ததும் எம் தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரம்மில் தோலோடு சுழல்வது அதுவன்றோ!

மற்றொரு காட்சியையும் கூறவேண்டும். ஓர் அறையிற் சிலர் மாஜாங் என்னும் காய் விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பர். பூதப்போரிற் சிதறிய சேறு பலகணி வழியே பாய்ந்து அவர்களைக் கொல்லும். இரசாயன நண்பர் இதற்கும் நகைத்தார். எனக்கு நகை வரவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் அச்சேற்றில் மாண்டனர்; அவருட் பெரும்பாலார் மேற்கு வங்கத்தினின்று பிழைக்க வந்தவர். அப்போது யான் மிகச் சிறுவன். ஆயினும், அன்று காலை எம் தந்தையார் உணவைத் தொடாது வாயிற்படியில் அமர்ந்திருந்தது நினைவில் நிற்கின்றது. இரப்பர்ச் சட்டையும் சாயச் சேறும் கொண்டு ஜப்பானியர் 1971-இற் காட்டிய அக்காட்சியை, அன்று முதல் என்னாற் கட்டுக்கதை என்று தள்ள இயலவில்லை.

அங்ஙனமாயின் படம் குற்றமற்றதோ எனின், அன்று. நண்பர்கள் கண்ட குற்றம் வேறு, யான் கண்ட குற்றம் வேறு. தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்குப் பூதம் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகரிற் சதுக்கப் பூதம் ஒன்று உண்டு. பொய்ச்சான்று கூறுவோர், பிறன்மனை விழைவோர், தவவேடத்தில் மறைந்து பிழை செய்வோர் முதலியோரைத் தேர்ந்து பிடித்து உண்பது அது. குற்றம் உடையாரை அஃது அறியும். ஹெடோராவோ எவரையும் அறியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மீனவரும் அதற்கு ஒன்றே. மேலும், அது விண்ணிலிருந்து வந்த பொருளென்று கதையில் வரும் விஞ்ஞானி கருதுகின்றார். நம் கழிவு அதற்கு உணவு மட்டுமே. புகைபோக்கிகள் பல காட்டப்படுகின்றன. அவற்றுக்கு உடையவன் ஒருவனும் படத்தில் இல்லை. பழியை வானத்தின்மேல் ஏற்றிவிட்டு, ஆலைக்காரனை இருட்டிலே ஒளித்துவைத்தது இப்படத்தின் பெரும்பிழை என்பேன். ஜப்பான் நாடு அவ்வாறு ஒளிக்கவில்லை. மினமாட்டாவிற் பாதரசத்தாற் கைகால் முடங்கியோர் ஆலையின் பெயரைச் சொல்லி வழக்காடினர். 1970-இன் இறுதியில் அந்நாட்டுச் சபை மாசுபற்றிப் பதினான்கு சட்டங்கள் இயற்றிற்று. படம் வந்த அதே ஜூலையிற் சுற்றுச்சூழலுக்கென ஓர் அரசாங்க அமைப்பும் பிறந்தது.

வணிகவியல் நண்பருக்கும் என் விடை இதனுள்ளே இருக்கின்றது. எம் கல்லூரிச் சம்பளம் டிரம்மிலிருந்து வந்தது. ஆதலின் அவர் கேள்வி எனக்குச் சுடுகின்றது. ஆனால் வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மொழிந்தது அடுப்பை அணைக்கும் தீர்ப்பன்று. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவது என ஒப்புக்கொண்டு, ஆயினும் நிலத்தையும் நீரையும் அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. மாசு செய்தவனே செலவை ஏற்கவேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. பதினாயிரம் என்பது மிகச் சிறிது. ஆனால் சேற்றுக்கு உடையவன் உண்டு என்று எழுத்திற் பதிந்தது பெரிது. இருபத்தெட்டு ஆண்டு கழிந்து 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றுக்காகவே மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

படத்தின் முடிவில், இராணுவத்தார் நட்ட இரு பெரிய மின்தகடுகளுக்கிடையே காட்ஸில்லா ஹெடோராவை நிறுத்தி, நீர் வற்றக் காயவைத்துக் கிழித்தெறிகின்றது. பின்னர் மனிதரை ஒருமுறை முறைத்துவிட்டு நடந்து மறைகின்றது. நண்பர்கள் எழுந்து சோம்பல் முறித்தனர். அப்போது என் தங்கை, “அண்ணா, காய்ந்த சேற்றையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்?” என்று கேட்டாள்.

இராணிப்பேட்டையிற் குரோமேட்டு உப்புச் செய்த ஆலையொன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றதை யான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எம் தந்தையார்தாம் விடையிறுத்தார்: “அதற்கு இடம் தேடுவதுதான் அம்மா பெரும்பாடு.” நகைத்த நண்பரும், பரிசுப்படத்தை வியந்தவரும், அடுப்புக்காகச் சினந்தவரும் கேளாத கேள்வி அது, யானும் கேட்டிலேன்.