வண்டி மாற்றுகிறவரும் கடை மாற்றுகிறவரும்



நமது சங்கக் கூட்டங்களில் சமீப காலமாக ஒரே புலம்பல்தான் கேட்கிறது. இருபது வருஷமாக மாதச் சாமான் வாங்கிய குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டது, இந்தக் காலத்து ஜனங்களுக்கு விசுவாசமே கிடையாது என்கிறார்கள். விசுவாசம் என்பது என்ன, அது எப்போது அறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் மளிகைக் கடையைவிட மோட்டார் சைக்கிள்தான் சரியான இடம் என்பது நமது அபிப்பிராயம். சோப்புக் கட்டியை மாற்றுகிறவர் யோசிப்பதில்லை. வண்டி வைத்திருப்பவரோ அதற்கு ஆயுத பூஜைக்கு மாலை போடுகிறார், எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார், வேறு யாரும் அதைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறார். அப்படிப்பட்டவரே ஒரு கம்பெனி வண்டியை விட்டு இன்னொரு கம்பெனி வண்டிக்குப் போகிறார். ஏன் போகிறார்?

நம் காவிரிப் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று வந்த புல்லட்டை 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் மூலக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து மிராசுதார்கள் அதில் ஆற்றங்கரை ரோட்டில் வந்தால் சத்தத்தை வைத்தே இன்னார் வருகிறார் என்று கடையில் இருந்தபடி சொல்லிவிடலாம். வேளாங்கண்ணிக்கோ, பழனிக்கோ, அதையும் தாண்டிக் கொடைக்கானல் மலைக்கோ தூரப் பயணம் என்றால் புல்லட். அது இல்லாவிட்டால் மைசூரில் தயாரான ஜாவா, பின்னாளில் எஸ்டி. வேறு பேச்சே இல்லாமல் இருந்தது.

1985இல் ஹீரோ ஹோண்டா வந்தது. நூறு சிசிக்கும் குறைந்த சின்ன என்ஜின். லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றும், பெட்ரோலை ஊற்றி மூடியை மூடிவிட்டு மறந்துவிடலாம் என்றும் விளம்பரம் செய்தார்கள். புல்லட்காரர்கள் சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு வண்டியா, தையல் மிஷின் மாதிரி சத்தம் என்றார்கள். சில வருஷங்கள் கழித்துப் பார்த்தால் சிரித்தவர்களில் பலர் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மைலேஜ். இருபது ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் ஒரு கணக்கா? நாம் அதை அப்போதே நம்பவில்லை. நடந்தது வேறு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரெஷன் பிடியை அழுத்திவிட்டு, ஆள் ஏறி நின்று உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கும். மற்ற வண்டிகளில் எல்லாம் இடது காலில் இருக்கும் கியர் இதில் வலது காலில். நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டும். சம்பா நடவுக் காலத்தில் வரப்போரச் சேற்றில் சறுக்கினால் அந்தப் பாரத்தைத் தனி ஆளாய் நிமிர்த்த முடியாது. இத்தனையும் பதினைந்து வருஷம் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது அவர்கள் வண்டி. எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்று தாங்களே கேலியும் பேசினார்கள். வயது ஐம்பது ஆனது, மூட்டு வலி வந்தது, 1990 வளைகுடாச் சண்டையில் பெட்ரோல் விலை ஏறியது. அது ஒரு சாக்கு. சாக்கு கிடைத்த அன்று பதினைந்து வருஷத்துக் குறைகளும் சேர்ந்து வண்டியை விற்றன.

நம்மவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் திறந்ததால் ஆள் போய்விட்டது, கைப்பேசியில் ஆர்டர் எடுக்கிறான், அதனால் போய்விட்டது என்று நாம் சொல்வதெல்லாம் சாக்கைக் காரணம் என்று சொல்வதாகும். வண்டு விழுந்த பயறு, பொட்டலத்தில் பத்து கிராம் குறைவு, பெண்பிள்ளை வந்து நின்றால் கடைசியில் கவனிப்பது, சில்லறைக்குப் பதில் மிட்டாய். இவைதான் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய். அந்தக் குடும்பம் இவற்றைச் சொல்லவே சொல்லாது. அங்கே விலை குறைவு என்று மட்டும் சொல்லும்.

எஸ்டிக்காரர்கள் கதை வேறு, கேட்கப் பரிதாபமாக இருக்கும். அவர்களுக்கு வண்டியின் மேல் மனஸ்தாபமே கிடையாது. இரட்டை சைலன்சரும், உதைக்கிற கம்பியையே கியராகவும் மாற்றிக்கொள்கிற வித்தையும் அவர்களுக்குப் பெருமை. ஆனால் 1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடிவிட்டது. பிறகு ஒரு சாமானுக்காகப் பழைய இரும்புக் கடை ஏறி இறங்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக், அண்ணே, இதை விட்டுடுங்க என்று சொன்ன அன்று விட்டார்கள். எந்த வண்டி என்று தீர்மானிப்பது விளம்பரமல்ல, மெக்கானிக்தான். நம் தொழிலில் அந்த மெக்கானிக் யார் என்றால் கடைப் பையன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து எவ்வளவு சிரித்தாலும், தராசைப் பிடிக்கிறவன் முகத்தைச் சுளித்தால் தீர்ந்தது.

அன்றியும், மொத்த வியாபாரிகளில் சிலர் ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கையும் சேர்த்துக் கட்டிச் சில்லறைக் கடைகளுக்குத் தள்ளுகிறார்கள். கேட்ட பருப்பு இல்லை, கேட்காத பாக்கெட் அலமாரி நிறைய இருக்கிறது என்றால் அது எஸ்டிக்கு உதிரி கிடைக்காத நிலைதான். இதைச் சொன்னால் மண்டியில் நமக்கு நண்பர்கள் குறையலாம், பரவாயில்லை.

போனவர்கள் போனவர்கள்தானா என்றால், அதுவும் இல்லை. திருவொற்றியூர்க் கம்பெனி 1994இல் ஐஷர் கைக்குப் போனது. 2000 வாக்கில் மூடிவிடலாமா என்கிற அளவுக்கு நொடிந்திருந்தது. அவர்கள் வாங்குகிறவரைத் திட்டவில்லை. உதைத்து ஓய்ந்தவருக்குப் பட்டன் ஸ்டார்ட் வைத்தார்கள், கியரை இடது காலுக்குக் கொண்டுவந்தார்கள், எண்ணெய் ஒழுகாத புது என்ஜினைப் போட்டு 2009இல் கிளாசிக் என்று விட்டார்கள். உருவத்தை மட்டும் பழையபடி வைத்தார்கள். சத்தம் பழைய மாதிரி இல்லையே என்று பழைய ஆட்கள் முறையிட்டார்கள், இன்றும் முறையிடுகிறார்கள். 2010இல் வருஷத்துக்குச் சுமார் 50,000 வண்டி விற்ற கம்பெனி 2024–25இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஹீரோ ஹோண்டாவுக்குப் போன மிராசுதாரின் பேரன் இன்று அதில்தான் லடாக் போகிறேன் என்று கிளம்புகிறான்.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனையும் பாருங்கள். பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள் அந்தப் பெயரைச் சட்டையிலும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 2020 செப்டம்பரில் இந்தியாவில் தொழிற்சாலையை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ கம்பெனி விற்பனையும் பராமரிப்பும் ஏற்றுக்கொண்டது என்றாலும், நாளைக்கு யாரிடம் போய் நிற்பது என்ற பயம் வந்தது வந்ததுதான். 2023 ஜூலையில் ஹார்லி பெயரில் ஹீரோவும், டிரையம்ப் பெயரில் பஜாஜும் இரண்டேகால் லட்ச ரூபாய் அளவில் வண்டி விட்டபோது, வாங்குகிறவர்கள் பெயருக்கு முன்னால் சர்வீஸ் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் வண்டியும் தினசரி வாங்கும் துவரம்பருப்பும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். ஒன்றில்லை. நம்மிடம் கடன் நோட்டு இருக்கிறது, அது வண்டிக் கம்பெனிக்குக் கிடையாது. பாக்கி வைத்தவர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நாம் பார்த்தவரையில் பாக்கி வைத்தவர்தான் முதலில் தெரு மாறுகிறார். குறுவை பொய்த்த வருஷங்களில் இது கண்கூடு. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காவிட்டால், அடுத்த இரண்டு மாதத்தில் நோட்டில் உள்ள பாதிப் பேர் வேறு கடையில் ரொக்கத்துக்கு அரைக் கிலோ வாங்குவார்கள். அது துரோகமல்ல, கூச்சம்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் பெரிய கடைகளைக் கண்டித்து இன்னொரு தீர்மானம் போடுவதற்குப் பதிலாக நாம் ஒன்று முன்மொழிகிறோம். ஒவ்வொரு உறுப்பினரும் தம் பழைய நோட்டிலிருந்து வராமல் போன பத்துப் பேரைக் குறித்துக்கொண்டு, ஆடி முடிவதற்குள் நேரில் போய் என்ன குறை என்று கேட்டு வர வேண்டும். முதலில் விலை என்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் மற்றது வரும். போகும்போது நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.