பளபளப்புக்கு எதிராக

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ 'ரெஸ்டோர்' செய்யும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு வண்டி. பிறகு வேகவேகமாக வெட்டி ஒட்டிய காட்சிகள். கடைசியில் டேங்க் மின்ன, குரோம் கண்ணைக் கூச, ஒரே கிக்கில் அந்தச் சத்தம். கீழே 'ஷோரூம் கண்டிஷன்' என்று போட்டிருப்பார்கள். எனக்கு இந்த வார்த்தையோடுதான் தகராறு.

ஷோரூமில் ஒரு வண்டி எத்தனை நாள் நிற்கும்? மிஞ்சினால் ஒரு மாதம். அதன் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காத மாதம் அது. முப்பது வருடம் ஓடிய இயந்திரத்தை அந்த மாதத்துக்குத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் உயிர் கொடுப்பதாம்.

ஜப்பானியரின் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் எதுவும் அந்தக் காலத்தில் நம் தெருவுக்கு வரவில்லை. வந்தவை பைக்குகள். 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் பெயரில் கொண்டுவந்த யமஹா ஆர்டி 350, அதன்பின் 1985-ல் ஆர்எக்ஸ் 100. ஆர்எக்ஸில் முதலில் வந்தவை ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ அளவில். புல்லட்டையும் ராஜ்தூத்தையும் உருட்டிப் பழகிய கைகளுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! 1996-ல் உற்பத்தி நின்றது. எங்கள் வீட்டில் இருப்பது 92 மாடல். அப்பா வாங்கியது. மணவாளக்குறிச்சியிலிருந்து திங்கள்சந்தைக்கும் குளச்சலுக்கும் இன்றும் அதில்தான் போகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினில் இருப்பதுபோல அடியில் ஆயில் குளம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். அந்தக் கலவையோடு போகிற கொஞ்சம் டூ-டி ஆயில்தான் கிராங்க் பேரிங்கை நனைக்கிறது. அதாவது வண்டி ஓடினால்தான் பேரிங்குக்கு எண்ணெய். நிறுத்திப்போட்டால் ஈரக்காற்று உள்ளே போகும், பேரிங்கில் துரு பிடிக்கும், ஆயில் சீல் காய்ந்து விறைக்கும். சீல் போனால் கிராங்க் அறையில் அழுத்தம் நிற்காது, காற்று திருடும், கலவை மெலியும், பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் உறை போட்டு மூடிவைத்த பளபளா வண்டிக்கு உள்ளே சத்தமில்லாமல் நடக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி இதை ஒரே வரியில் முடித்துவிடுவார். "தொடச்சி வச்சா போதுமாடே மக்கா? ஓடாத வண்டிக்க உள்ளதான் துரு முதல்ல பிடிக்கும், பாத்துக்கோ."

துருவைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குத் தகுதி உண்டு. ஆனி ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கடல் உப்பு. தாழ்ப்பாள், சைக்கிள் போக்ஸ், ஜன்னல் கம்பி எதுவும் தப்பாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துருவைச் சுரண்ட சாண்ட் பிளாஸ்டிங் செய்கிறார்களே, அதற்கு நல்ல மணல் கார்னெட். வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு வருவது இல்மனைட்டிலிருந்து. அலுமினியமும் இரும்பும் வார்க்கும் அச்சுக்கு சிர்கான் மணல் போடுவார்கள். மூன்றும் எங்கள் கடற்கரையில் கிடக்கின்றன. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்த மண்ணைப் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆக, பளபளப்புக்கான சரக்கும் எங்களிடமிருந்து, அதைத் தின்கிற காற்றும் எங்களிடமிருந்து. புதுப் பெயின்ட் இங்கே எத்தனை மழைக்குத் தாங்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கோழிக்கூட்டிலிருந்து ஒரு வண்டியை இழுத்துவந்து ஓட வைப்பவரை நான் கும்பிடுவேன். நான் சண்டை போடுவது அதற்கப்புறம் ஓட்டாதவரோடு. பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு, கிராங்க் பிரிக்க அண்ணாச்சி கூலி கேட்டால் பேரம் பேசுகிறவரோடு. 'பீட்' வேண்டுமென்று சைலன்சரின் உள்குழாயை உருவி எறிகிறவரோடு. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தக்குழாய் இல்லை, இன்ஜினின் இழுவையில் பாதி வேலை அதனுடையது. தேய்ந்த, ஆனால் ஒழுங்காக வேலை செய்கிற அசல் பாகத்தைக் கழற்றிவிட்டு, மின்னுகிற லோக்கல் பாகத்தைப் பூட்டிவிட்டு 'பக்கா ஒரிஜினல்' என்று லட்சத்துக்கு மேல் விலை வைக்கிறவரோடும்தான். இந்த விலையால் என்ன ஆயிற்று? எங்கள் பக்கம் மீன்பெட்டி கட்டி ஓடிய ஆர்எக்ஸ்கள் ஒவ்வொன்றாக விலைபோய்விட்டன. தினமும் ஓடி, தினமும் பார்க்கப்பட்ட வண்டிகள் அவை. அந்த வண்டிகளோடுதான் அண்ணாச்சியின் பிழைப்பும் போகிறது.

ஜப்பானில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மஸ்தா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு மறுசீரமைப்புத் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. அந்தக் காருக்கான பழைய டயரையே பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடி செய்து கொடுத்தது. அதே ஆண்டு நிஸான், ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கான பாகங்களைத் திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தது. டொயோட்டா பழைய சுப்ராவுக்குச் செய்தது. அங்கேயும் பணக்காரப் பித்து உண்டு, 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்குக் கூடுதல் வரியும் உண்டு. ஆனாலும் ஒரு ரப்பர் வளையம் கிடைத்தால் வண்டி இன்னும் பத்து வருடம் ஓடும் என்பது அந்தக் கம்பெனிகளுக்குப் புரிந்திருக்கிறது. இங்கே நல்ல ஆயில் சீலுக்கு நாகர்கோவில் முழுக்க அலைகிறேன். ஸ்டிக்கர் மட்டும் எல்லாக் கடையிலும் தொங்குகிறது.

நம்முடைய சட்டத்துக்கும் இதே பார்வைதான். 15 வருடம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து ஐந்து வருடமாக. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கினார்கள். மறுபக்கம் 2021-ல் 'விண்டேஜ்' விதி வந்தது. 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், இன்ஜினிலோ சேசிலோ பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் போர் உள்ள ஒரு டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் ரீபோர் போடாமல் ஐம்பது வருடம் ஓடுமா? ஓடாமல் கிடந்தால் இருக்கும். விண்டேஜ் ஆன வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாதாம், கண்காட்சிக்கும் ரேலிக்கும் போகலாமாம். ஒன்று காயலான் கடை, இல்லையென்றால் கண்ணாடிப்பெட்டி. நடுவில் முப்பத்தைந்து வருடம் ஒருவன் பார்த்துப் பார்த்து ஓட்டுவதற்கு ஒரு பெயர்கூட அந்த விதியில் இல்லை. 2042-ல் என் வண்டிக்கு ஐம்பது ஆகும். அன்றைக்கு அதைப் பாரம்பரியம் என்று ஒத்துக்கொண்டாலும், அதில் மீன் வாங்கப் போக முடியாது.

"புகை?" என்பீர்கள். நியாயமான கேள்வி. டூ-ஸ்ட்ரோக் அழுக்கானது. புதுக் கலவை உள்ளே வரும்போது அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும், மாசு விதிகள் அதைச் சந்தையிலிருந்து துரத்தியதில் தப்பே இல்லை. புதிதாக யாரும் செய்ய வேண்டாம். ஆனால் இருப்பதைப் புகையை வைத்து அளந்து சொல்லுங்கள், காலண்டரை வைத்துச் சொல்லாதீர்கள். ஆயில் பம்ப்பை ஒழுங்காக டியூன் செய்து, கார்பரேட்டரைக் கழுவி, சைலன்சர் கரியைச் சுரண்டி ஓடுகிற வண்டியும், ஆயிலை அள்ளி ஊற்றிப் புகைக்குள்ளேயே மறைந்துபோகிற வண்டியும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே கட்டணம்.

என் வண்டிக்கு அடுத்த புதுப்பித்தல் 2027-ல் வருகிறது. அதற்குள் இடப்பக்க கிராங்க் சீலை மாற்றியாக வேண்டும், செயின் கவருக்கு உள்பக்கம் துரு ஆரம்பித்திருக்கிறது. டேங்கில் பெயின்ட் உரிந்த இடத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும் என்று அண்ணாச்சியும் சொல்லிவிட்டார்.