பாத்திரம் தனியா வெச்சிருக்கீங்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. நாலு தமிழ்க் குடும்பங்கள். நண்பர் கம்பெனி வேலையாக மூன்று வருடம் சியோலில் இருந்துவிட்டு வந்தவர். சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டோ காட்ட ஆரம்பித்தார்கள். செர்ரிப்பூ, அரண்மனை, பனிமனிதன். நடுவில் ஒரு போட்டோ. மேசை நடுவில் கரி அடுப்பு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடிய சிவப்புத் துண்டுகள், நண்பரின் மனைவி கையில் கத்தரிக்கோல்.

"இதுதான் ஹன்வூ. அவங்க நாட்டு மாடு. என்ன விலை தெரியுமாண்ணா? ஆனா வாயில வெச்சா கரையும்."

எல்லோரும் 'ஓ' என்றார்கள். நானும்தான். சும்மா இருந்திருக்கலாம். "நாங்களும் வீட்ல புல்கோகி மாதிரி காய்கறி போட்டு வதக்குவோம், மாசத்துக்கு ரெண்டு தடவை, நிஜாமுதீன்ல கறி வாங்கி" என்று சொல்லித் தொலைத்தேன். தங்கமணி என் காலை மிதித்தது கொஞ்சம் லேட்.

அறையில் சட்டென்று அமைதி. அப்புறம் அந்தத் தங்கை கேட்டது: "வீட்லயேவா? பாத்திரம் தனியா வெச்சிருக்கீங்களா?"

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டது கெட்ட பெண் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொடுத்தனுப்புகிற பெண். அதனால்தான் கூடுதலாக உறுத்துகிறது.

விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவர்கள் சியோலில் சாப்பிட்டது மாடு. அசல் மாடு. நான் டெல்லியில் சமைப்பது எருமை. இங்கே 1994ஆம் வருடச் சட்டப்படி பசு, கன்று, காளை, எருது எதையும் அறுக்கக் கூடாது, அதன் இறைச்சியை வைத்திருக்கவும் கூடாது. எருமைக்கு அந்தத் தடை இல்லை. ஆக, புனிதம்தான் பிரச்சினை என்றால் பாத்திரம் கழுவ வேண்டியது நான் இல்லை! மாடு பிரச்சினையே இல்லை. ஏப்ரன் கட்டிய ஆள் வெட்டிக் கொடுத்தால் அது 'எக்ஸ்பீரியன்ஸ்', நிஜாமுதீன் சந்தில் பாலிதீன் பையில் வாங்கினால் 'வீட்லயேவா'. எந்த விலங்கு என்பதல்ல, யார் தின்கிற கறி என்பதுதான் கணக்கு. அதைச் சாதி என்று சொல்ல நமக்கு வாய் வராது, 'பாத்திரம்' என்று சொல்வோம்.

(சைவம் சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. சியோல் போயும் கிம்ச்சியில் மீன் சாறு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட ஒருவரைத் தெரியும். அவர் நேர்மையான மனிதர்.)

கொரியாக்காரன் நாகரிகமானவன், அவன் ஊரில் இந்தப் பேதமெல்லாம் இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஜோசன் அரசர்கள் உழவு மாட்டை அறுக்கக் கூடாதென்று திரும்பத் திரும்பத் தடை போட்டிருக்கிறார்கள். மாட்டை அறுத்தவர்களுக்கு 'பெக்ஜோங்' என்று பெயர். ஒதுக்கி வைக்கப்பட்ட கூட்டம். 1894 சீர்திருத்தத்தில் அந்த அந்தஸ்துப் பிரிவுகள் சட்டப்படி ஒழிந்தன, ஊர் மனதில் ஒழியவில்லை. அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் போன கோபமும் சேர்ந்துதான் 1923இல் ஜின்ஜு நகரத்தில் 'ஹியோங்பியோங்சா' என்ற சங்கம் பிறந்தது. பெயரிலேயே தராசு இருக்கிறது, தராசு போல எல்லோரும் சமம் என்று. இன்றைக்கு ஹன்வூ சாப்பிட வரிசையில் நிற்கும் நாட்டில், அதை அறுத்தவனுக்கு நூறு வருடத்துக்கு முன்னால் இதுதான் கதி.

நம் ஊர்ப் பக்கமும் வருகிறேன். எனக்கு வேலூர்ப் பக்கம். 2022இல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள், பட்டியலில் மாட்டு பிரியாணி இல்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள்.

சரி, சமையல். இவ்வளவு திட்டிவிட்டுச் சமையல் சொல்லாமல் போனால் பாவம்.

'புல்' என்றால் கொரிய மொழியில் நெருப்பு, 'கோகி' இறைச்சி. (நம்ம புல் இல்லை, மாடு தின்னாலும்.) எருமைக்கறி கொஞ்சம் முரடு. கடைக்காரரிடம் 'படே கா' என்று கேட்டால் போதும், பெரியதுடையது என்று அர்த்தம். எங்கள் ஊரில் 'பெரிய கறி' என்பதும் இதேதான், ஆயிரம் மைல் தள்ளியும் அதே கூச்சம். எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ. ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பாதி இறுகியதும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே காகிதம் போலச் சீவ வேண்டும். நார்ப்போக்கிலேயே வெட்டினால் ரப்பர். சோயா சாஸ் நாலு ஸ்பூன், சர்க்கரை இரண்டு, பூண்டு ஆறு பல், மிளகு, பாதிப் பேரிக்காய் துருவல். இங்கே வண்டிக்காரரிடம் 'நாஷ்பாத்தி' என்று கேளுங்கள். கொரியாக்காரர்கள் கறியை மென்மையாக்கத்தான் பேரிக்காய் போடுகிறார்கள், நம் பாட்டிகள் பப்பாளிக்காய் போட்டது மாதிரி. எருமைக்கு அந்தப் பப்பாளிக்காயும் அரை ஸ்பூன் சேர்த்துக்கொள்கிறேன். அரை மணிக்கு மேல் ஊறினால் கூழாகிவிடும், ஜாக்கிரதை.

இரும்பு வாணலி புகைய வேண்டும். கறியை மூன்று தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடும், நம் வீட்டு கேஸுக்கு அவ்வளவுதான் சக்தி. வெங்காயம், கேரட், குடைமிளகாய், காளானைத் தனியே வதக்கி, கடைசியில் சேர்க்கவும். நல்லெண்ணெய் வேண்டாம். அவர்களுடைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனையே வேறு. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பூன் எள்ளை வறுத்து நுணுக்கித் தூவினால் போதும்.

வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஆம், நான்தான். வீரமாக எழுதுகிறவன் அடுப்படியில் அப்படித்தான். 2015 செப்டம்பரில் தாத்ரி பக்கம் பிசாராவில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று சொல்லி முகமது அக்லாக்கை அடித்தே கொன்றார்கள். இங்கிருந்து கார் ஓட்டிப் போகிற தூரம். அடுத்த மாதமே டெல்லி கேரள இல்லத்தில் பசுக்கறி பரிமாறுகிறார்கள் என்று புகார் வந்து போலீஸ் போனது. அங்கே இருந்ததும் எருமைதான். இதெல்லாம் தெரிந்த வீட்டு ஓனர் மேலே குடியிருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, வெளியாளிடம் வாயை மூடிக்கொள்கிறேன். நமக்குள்ளே, நாலு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்த அறையிலும் மூடிக்கொள்ள வேண்டும் என்றால்தான் எரிகிறது.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் தங்கமணி பேசவில்லை. பின் சீட்டிலிருந்து பெண் கேட்டாள். ஏழாவது படிக்கிறாள், கொரிய சீரியல் பைத்தியம்.

"அப்பா, நாளைக்கு டப்பால கொண்டு போனா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட புல்கோகின்னு சொல்லட்டுமா, எருமைக்கறின்னு சொல்லட்டுமா?"

சிக்னல் பச்சை விழுந்தது, அதைச் சாக்காக வைத்து வண்டியை எடுத்தேன். திங்கட்கிழமை டப்பாவில் எலுமிச்சை சாதம் போனது.